கேதரில் ஒரே செஷனைப் பகிர்ந்தால் எரர்: எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0, ஏசிங்க்பிஜி

கேள்வி

பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க் ஃபாஸ்ட்ஏபிஐ, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். இடையில் எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற டேட்டாபேஸ் லைப்ரரியும் போஸ்ட்கிரெஸுக்கான ஏசிங்க் டிரைவரான ஏசிங்க்பிஜியும். ஒரு ரிக்வெஸ்ட்டில் ஆர்டர், ஸ்டாக், வாடிக்கையாளர் என்று மூன்று குவெரி. நேரம் மிச்சமாகும் என்று மூன்றையும் ஏசிங்க்ஐஓ கேதரில் (பல டாஸ்க்குகளை ஒரே சமயத்தில் ஓடவிடுவது) போட்டு, டிபெண்டன்சி (ரிக்வெஸ்ட்டுக்குத் தேவையானதை ஃபாஸ்ட்ஏபிஐயே தரும் வழி) வழியாக வந்த ஒரே ஏசிங்க்செஷனைக் கொடுத்திருக்கிறோம். சில எண்ட்பாயின்ட்டில் மட்டும், புது கனெக்‌ஷன் எடுக்கும்போது வேறு வேலை கூடாது என்று இன்வாலிட்ரிக்வெஸ்ட்எரர் வருகிறது. மற்றவை ஓடுகின்றன. ஸ்கோப்ட்_செஷன் போட்டால் தீருமா?

பதில் 1

தீராது. ஸ்கோப்ட்_செஷன் இயல்பாகவே த்ரெட்டுக்கு ஒரு செஷன் தரும். ஈவென்ட் லூப்பில் (ஏசிங்க் வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டுவது) உங்கள் டாஸ்க்குகள் எல்லாம் ஒரே த்ரெட்டில்தான் ஓடுகின்றன, ஆகவே எல்லாவற்றுக்கும் அதே செஷன்தான் கிடைக்கும். ஏசிங்க்_ஸ்கோப்ட்_செஷனுக்கு கரண்ட்_டாஸ்க்கை ஸ்கோப்பாகக் கொடுக்கலாம். ஆனால் டாஸ்க் முடியும்முன் ரிமூவ் அழைக்க மறந்தால் செஷன்கள் ரெஜிஸ்ட்ரியிலேயே தங்கி மெமரி ஏறிக்கொண்டே போகும். புதிய கோடுக்கு அது வேண்டாம்.

சில எண்ட்பாயின்ட் ஓடுவதற்குக் காரணம், அங்கே லாகின் சரிபார்க்கும் குவெரி முன்பே அந்த செஷனுக்கு ஒரு கனெக்‌ஷனை எடுத்து வைத்திருக்கும். எரர் இல்லை என்பதால் அது சரி என்று ஆகாது. ஒரு போஸ்ட்கிரெஸ் கனெக்‌ஷனில் ஒரு நேரத்தில் ஒரு குவெரிதான் ஓடும்; கேதரால் அங்கே ஒரு மில்லிசெகண்டும் மிச்சமில்லை. ஒரு டாஸ்க் ரோல்பேக் செய்தால் மற்ற இரண்டு டாஸ்க்கின் மாற்றமும் சேர்ந்தே போய்விடும், ஏனென்றால் செஷன் என்பது ஒரே டிரான்சாக்‌ஷன்.

எஞ்சினையும் (கனெக்‌ஷன்களை வைத்திருப்பது) செஷன்மேக்கரையும் (செஷன் உருவாக்கித் தருவது) ப்ராசஸ் முழுக்கப் பகிரலாம். செஷனை மட்டும் ஒவ்வொரு டாஸ்க்கும் தனக்குள்ளேயே ஏசிங்க் வித் கொண்டு திறந்து மூடட்டும். மூன்று செஷன் என்றால் மூன்று டிரான்சாக்‌ஷன். ஒன்றில் கமிட் ஆகாதது மற்றதற்குத் தெரியாது. எனவே எழுதும் வேலையை இப்படிப் பிரிக்காதீர்கள். உண்மையில், இன்டெக்ஸ் சரியாக உள்ள சின்ன குவெரிகள் என்றால் ஒரே செஷனில் வரிசையாக அவெய்ட் செய்வதே போதும்.

பதில் 2

டாஸ்க்குக்கு ஒரு செஷனாகப் பிரிப்பதற்கு முன் பூல் (எஞ்சின் திறந்து வைத்திருக்கும் கனெக்‌ஷன்கள்) கணக்கைப் பாருங்கள். பூல்_சைஸ் இயல்பாக 5, அதற்கு மேல் திறக்கக்கூடிய மேக்ஸ்_ஓவர்ஃப்ளோ 10. ஆக ஒரு ப்ராசஸுக்கு 15 கனெக்‌ஷன். டிபெண்டன்சி வழியாக வந்த வெளிச் செஷன் ஒரு கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டிருக்க, கேதர் இன்னும் 3 கேட்கும். ஒரே நேரத்தில் 15 ரிக்வெஸ்ட் வந்தால் 15-ம் வெளிச் செஷன்களிடம் மாட்டிக்கொள்ளும். உள்ளே கேட்பவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. 30 செகண்ட் அப்படியே நின்று டைம்அவுட்எரர் வரும், டேட்டாபேஸ் பக்கம் பார்த்தால் லோடே இருக்காது. கேதருக்கு முன் வெளிச் செஷனை கமிட் செய்து கனெக்‌ஷனை விட்டுவிடுங்கள்.

பூல்_சைஸை மட்டும் ஏற்றித் தப்பிக்க முடியாது. 8 வொர்க்கர் ப்ராசஸ் ஓட்டினால் இப்போதே 120 வரை போகலாம். போஸ்ட்கிரெஸின் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் இயல்பில் 100, அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது. ஏசிங்க் இல்லாத சாதாரண டெஃப் எண்ட்பாயின்ட்டுகளுக்கும் (அவை த்ரெட்பூலில் ஓடும்) இதே சிக்கல் உண்டு: த்ரெட்பூல் 40, கனெக்‌ஷன் 15.

கேட்டவர்

பிரித்துவிட்டேன், அந்த எரர் போயிற்று. இப்போது டாஸ்க் திருப்பித் தரும் ஆர்டரில் ஐட்டம்ஸைத் தொட்டால் டிடாச்ட்இன்ஸ்டன்ஸ்எரர். இன்னோர் இடத்தில் கமிட்டுக்குப் பின் மிஸ்ஸிங்கிரீன்லெட்.

பதில் 3

இரண்டுக்கும் வேர் ஒன்றே: அட்ரிபியூட்டைத் தொட்டவுடன் அவெய்ட் இல்லாமல் டேட்டாபேஸுக்குப் போகப் பார்க்கிறது. முதலாவதில் செஷன் மூடிவிட்டது. குவெரியிலேயே செலக்ட்இன்லோட் கொடுத்து ஐட்டம்ஸையும் கொண்டுவாருங்கள். இரண்டாவதில் கமிட் ஆனதும் ஆப்ஜெக்ட் எக்ஸ்பயர் ஆகிறது, அதாவது அடுத்துத் தொடும்போது மறுபடி படிக்க வேண்டும். செஷன்மேக்கரில் எக்ஸ்பயர்_ஆன்_கமிட்டை ஃபால்ஸ் ஆக்குங்கள். செஷனுக்கு வெளியே ஓஆர்எம் ஆப்ஜெக்ட்டையே (டேபிள் வரிசையைக் குறிக்கும் பைத்தான் ஆப்ஜெக்ட்) அனுப்பாமல் டேட்டாபேஸோடு தொடர்பில்லாத பைடான்டிக் மாடலாக மாற்றி அனுப்புவது இன்னும் நல்லது. பேக்ரவுண்ட் டாஸ்க்குக்கு ரிக்வெஸ்ட்டின் செஷனைக் கொடுக்காதீர்கள், ஐடி மட்டும் போதும்.

செலரி (பின்னணி வேலைகளை ஓட்டும் கருவி) வைத்திருந்தால் இன்னொன்று. ப்ரீஃபோர்க்கில் (பேரன்ட் ப்ராசஸிலிருந்து சைல்டு ப்ராசஸ்கள் பிரியும் முறை) பேரன்ட் திறந்த சாக்கெட்டை சைல்டும் பெறுகிறது; இருவரும் அதில் எழுதினால் பதில்கள் மாறிப்போகும். வொர்க்கர்_ப்ராசஸ்_இனிட் சிக்னலில் எஞ்சின் டிஸ்போஸை க்ளோஸ் ஃபால்ஸ் என்று கொடுத்து அழையுங்கள். சும்மா டிஸ்போஸ் அழைத்தால் பேரன்ட் வைத்திருக்கும் கனெக்‌ஷன்களையும் சைல்டு மூடிவிடும்.