அப்ரண்டிஸ் எடுப்பது ஆளை உருவாக்கவா, கூலியை மிச்சம் பிடிக்கவா?

பீன்யா பட்டறைக்காரர்:
பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சிஎன்சி பட்டறை இருக்கிறது, கணினி இயக்கும் இயந்திரங்களில் உலோகம் வெட்டும் இடம். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். சென்ற வாரம், இயந்திரங்களை வேலைக்குத் தயார்செய்யும் செட்டர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். மூன்று இயந்திரங்கள் நான்கு நாள் சும்மா கிடந்தன. ஆள் தேவை என்று பலகை வைத்தால் வருகிறவர்கள் எல்லோரும் “சிஎன்சி தெரியும்” என்கிறார்கள். பொத்தானை அழுத்தத் தெரிகிறது. ஆஃப்செட்டை, அதாவது வெட்டுக்கருவிக்கான அளவுத் திருத்தத்தை, எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள்.

ஆகவே இந்த ஆண்டு மூன்று அப்ரண்டிஸ், அதாவது பழகுநர், எடுக்கப்போகிறேன். 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்தே ஆக வேண்டும் என்பது விதி. இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் இருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். 2019 விதிப்படி ஐடிஐ முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை. அதில் 1,500 வரை மத்திய அரசின் பங்கு. வேண்டிய ஆளை நாமே உருவாக்கிக்கொள்வதுதான் வழி என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஒரு வருட ஆபரேட்டர்:
மறுக்கிறேன் ஐயா. தருமபுரியிலிருந்து வந்து, தும்கூர் சாலையில் பெரிய தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் அப்ரண்டிஸாக ஒரு வருடம் இருந்தேன். அந்த வருடம் முழுவதும் ஒரே துளையிடும் இயந்திரம், ஒரே தகடு, நான்கு துளைகள். நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை மேற்பார்வையாளர் அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார். கடைசி நாள் கேக் வெட்டினார்கள். மறுநாள் என் இடத்தில் அடுத்த பையன் நின்றான்.

1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். அதனால் பிஎஃப் கிடையாது. சட்டத்தின் இந்த ஒரு வாசகத்துக்காகத்தான் பல நிறுவனங்கள் எங்களை விரும்புகின்றன. லக்கரேயில் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தும் 7,000 ரூபாய் இருபதாம் தேதியைத் தாண்டவில்லை.

அரம் பிடித்த கை:
தம்பி, உங்களிடம் வாங்கியது வேலை. அதற்குப் பழகுநர் பயிற்சி என்று பெயர் வைத்தது பொய். நான் 1974இல் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் அரமும் ஓர் இரும்புத் துண்டும் தவிர வேறெதையும் தொட விடவில்லை. ராவி முடித்துக் கொண்டுபோனால் ஆசிரியர் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பார். “வெளிச்சம் தெரிகிறது” என்பார், இன்னும் மட்டமாகவில்லை என்று பொருள். அவ்வளவுதான், திரும்பப் போய் ராவ வேண்டும். உள்ளங்கை கொப்புளித்து உடைந்து காய்த்தது. ஆனால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு எவ்வளவு என்பது அன்று என் கைக்குத் தெரிந்தது. திரையில் 0.01 என்று பார்க்கிற பையனுக்கு அது வெறும் எண். பட்டறைக்காரரே, உங்கள் பட்டறையில் அரம் இருக்கிறதா?

சம்பளப் பட்டியல்:
பெரியவர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அன்று பணம் போட்டது அரசு. நான் தனியார் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், கணக்கைச் சொல்கிறேன். பட்டறைக்காரர் நினைப்பதுபோல், அரசின் பங்கு போக ஆளுக்கு 5,500 ரூபாயோடு முடியாது. செட்டர் தினமும் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் அந்த நேர உற்பத்தி போயிற்று. உடைகிற இன்செர்ட் (வெட்டும் முனை), ஸ்கிராப்பாகும் ஜாப் (செய்கிற பொருள்) எல்லாம் தனி. இவ்வளவும் செய்து முடித்ததும் அடுத்த தெருக்காரர் மூவாயிரம் கூட்டிக் கொடுத்து அழைத்துப்போவார்.

எடுக்காவிட்டால் என்ன ஆகும்? 2014 திருத்தம் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டது. அந்தத் திருத்தப்படி, குறைகிற ஓர் அப்ரண்டிஸுக்கு முதல் மூன்று மாதம் மாதம் 500 ரூபாய், பிறகு மாதம் 1,000 அபராதம். உதவித்தொகையைவிட அபராதம் மலிவு! பல முதலாளிகள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார்கள்.

ஒரு வருட ஆபரேட்டர்:
ஐயா, ஒரு சின்னக் கேள்வி. ஓடிப்போன செட்டரை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்?

பீன்யா பட்டறைக்காரர்:
எதிர்த் தெருவிலிருந்து. இரண்டாயிரம் கூட்டிக் கொடுத்து.

சிரியுங்கள். எல்லோரும் பக்கத்து வயலில் அறுவடை செய்தால் விதைப்பது யார் என்பதுதான் எனக்கும் இப்போது உறைக்கிறது. அதனால் மனிதவளப் பிரிவு அம்மா சொன்ன கணக்கை நான் வேறு மாதிரி போடுகிறேன். மூன்று இயந்திரம் நான்கு நாள் நின்ற நட்டம் ஒரு பையனின் வருட உதவித்தொகைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. மூவரில் இருவர் போனாலும் ஒருவன் தங்கினால் எனக்குக் கட்டும். ஜெர்மனியில் பையன் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்திலும் மீதி நாள் தொழிற்பள்ளியிலும் பழகுகிறான், மூன்று வருடம்…

ஒரு வருட ஆபரேட்டர்:
ஜெர்மனி இருக்கட்டும் ஐயா, லக்கரே வரை வாருங்கள். நான்கு கேள்விகள். இயந்திரம் மாற்றி மாற்றி விடுவீர்களா? அளவுக் கருவியைக் கையில் கொடுப்பீர்களா? தினசரிப் பயிற்சிக் குறிப்பில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? வருடம் முடிந்ததும் வைத்துக்கொள்வீர்களா, எந்தச் சம்பளத்தில்? வேலைக்கு எடுப்பது பற்றி நிறுவனம் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று 2014 திருத்தமே சொல்கிறது. நான் இருந்த இடத்தில் அந்தக் காகிதத்தை யாரும் பார்த்ததில்லை.

சம்பளப் பட்டியல்:
எங்களிடம் இருக்கிறது. “நிர்வாகத்தின் விருப்பப்படி” என்று ஒரே வரி. நான்தான் தட்டச்சு செய்தேன்.

பீன்யா பட்டறைக்காரர்:
முதல் இரண்டுக்கும் ஆம். மூன்றாவதற்கு மூத்த செட்டரிடம் பேசிவிட்டேன். பையன் ஒருவனுக்கு மாதம் இவ்வளவு என்று தனியாகக் கேட்கிறார், நியாயம்தான். நான்காவதை இன்னும் எழுதவில்லை. எழுதியதும் இங்கேயே போடுகிறேன், திட்டுங்கள். பெரியவரே, அரம் இல்லை. வாங்க வேண்டும்.

அரம் பிடித்த கை:
பன்னிரண்டு அங்குலம் வாங்குங்கள். மலிவானது வேண்டாம், ஒரு மாதத்தில் பல் மழுங்கிவிடும். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை.