ஜாப் ஒர்க் ஆர்டருக்கு லிங்க்ட்இன், வாட்ஸ்அப் பழக்கத்தை எப்படி உருப்படியாக்கறதுங்க?

கணபதி டர்னிங்:

வணக்கமுங்க. கோயம்புத்தூர் கணபதியில சின்ன யூனிட். ரெண்டு சிஎன்சி டர்னிங் (கம்ப்யூட்டர்ல ஓடற கடைசல் மெஷின்), ஒரு விஎம்சி (அதே மாதிரி மில்லிங் மெஷின்). பம்ப் ஷாஃப்ட், புஷ், ஃபிளேஞ்ச் எல்லாம் ஜாப் ஒர்க், அதாவது மத்த கம்பெனிக்குப் பார்ட் செஞ்சு கொடுக்கறது. முக்கால்வாசி ஆர்டர் ரெண்டே கம்பெனியில இருந்து வருது, அதுவும் அப்பா காலத்துப் பழக்கம். அங்க இருக்கற பர்ச்சேஸ்காரங்க சீக்கிரம் ரிட்டயர் ஆயிருவாங்க. லிங்க்ட்இன்ல ஆயிரம் கனெக்‌ஷனுக்கு மேல இருக்கு, தொழில் வாட்ஸ்அப் குரூப்பும் நிறைய. என்கொயரிதான் வர்றதில்ல. "நெட்வொர்க்கிங் பண்ணு"ங்கறாங்க எல்லாரும். திங்கக்கிழமை காலையில உக்காந்து என்ன பண்ணோணும்னு யாரும் சொல்றதில்லீங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெண்டார் டெவலப்மென்ட், பீளமேடு:

தம்பி, ஆயிரம் கனெக்‌ஷனை ஓரமா வைங்க. வாங்கற பக்கம் என்ன நடக்குதுன்னு பாருங்க. பழைய வெண்டார்கிட்ட ரிஜெக்‌ஷன் ஏறும், இல்லேன்னா டெலிவரி தள்ளிப்போகும். அன்னிக்கு வெண்டார் டெவலப்மென்ட் இன்ஜினியர் (கம்பெனிக்குப் புது சப்ளையரைப் புடிக்கறவர்) பேரைத் தேடறதில்ல, வேலையைத் தேடறார். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 410 ஷாஃப்ட், 500 மி.மீ. நீளம், ரன்அவுட் (சுத்தறப்போ வர்ற ஆட்டம்) 0.03 மி.மீ.க்குள்ள யார் பண்ணுவாங்க? உங்க லிங்க்ட்இன் ஹெட்லைன்ல (பேருக்குக் கீழ வர்ற வரி) "மேனேஜிங் பார்ட்னர், பிரிசிஷன் சொல்யூஷன்ஸ்"னு இருந்தா அந்தத் தேடல்ல நீங்க வரவே மாட்டீங்க. ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம் இருக்கு. போன்ல பாக்கறவங்களுக்கு முதல் சில வார்த்தைதான் தெரியும், அதனால வேலை முன்னாடி, பதவி கடைசில: "சிஎன்சி டர்னிங், எஸ்எஸ் பம்ப் ஷாஃப்ட், புஷ், கோவை".

கீழ விவரம் எழுதற இடத்துல "தரமே எங்கள் தாரக மந்திரம்" எல்லாம் வேண்டாம். மெஷின் மேக், சக் (பார்ட்டைப் புடிக்கற பிடி) சைஸ், அதிகபட்ச விட்டம், நீளம், என்னென்ன மெட்டீரியல், அளக்கற கருவி என்ன, அதோட கேலிப்ரேஷன் தேதி. முக்கியமா, மாசம் எத்தனை மணி நேரம் மெஷின் காலியா இருக்குங்கற கணக்கு. எழுதறவங்க ரொம்பக் கம்மி, ஆனா நாங்க மொதல்ல கேக்கறது அதைத்தான்.

யாருக்கு ரெக்வெஸ்ட் அனுப்பறதுங்கறதுலதான் நிறையப் பேர் தப்பு பண்றாங்க. பர்ச்சேஸ் ஹெட்டுக்கு அது குவிஞ்சு கிடக்கும். சப்ளையர் குவாலிட்டி பாக்கறவங்க, டிசைன்ல இருக்கறவங்க, மெயின்டனன்ஸ் இன்ஜினியர், இவங்களைப் புடிங்க. எந்த வெண்டார் திணறுறார்னு மொதல்ல தெரியறது இவங்களுக்குத்தான். இலவசக் கணக்குல குறிப்போட அனுப்பற ரெக்வெஸ்ட் மாசத்துக்குக் கொஞ்சம்தான், குறிப்பும் 200 எழுத்துக்குள்ள. அதை வீணாக்காதீங்க. இப்படி எழுதலாம்: "வணக்கம் சார். கணபதியில எஸ்எஸ் ஷாஃப்ட் டர்னிங் பண்றோம். கீவே பக்கம் பர் வராம பண்றது பத்தி நீங்க போட்டது உபயோகமா இருந்துச்சு. தொடர்புல இருக்க விருப்பம்." (கீவேங்கறது ஷாஃப்ட்ல வெட்டற பள்ளம், பர்ங்கறது ஓரத்துல நிக்கற பிசிறு.) ஆர்டர் பேச்சே வேண்டாம். ஏத்துக்கலேன்னு அவசரப்பட்டு ரெக்வெஸ்டை வாபஸ் வாங்கினா அதே ஆளுக்கு மூணு வாரம் வரைக்கும் மறுபடி அனுப்ப முடியாது.

ஏத்துக்கிட்ட அடுத்த நிமிஷமே 20 எம்பி கம்பெனி பிரோஷரை அனுப்பறவங்க இருக்காங்க. அத்தோட அந்த ஆள் கதவைச் சாத்திக்குவார்.

இன்னொண்ணு. உங்களைப் பத்திக் கேள்விப்பட்டதும் வாங்கறவர் பாக்கறது லிங்க்ட்இன் இல்ல. ஜிஎஸ்டி போர்ட்டல்ல நம்பரைப் போட்டா ரிட்டன் ஒழுங்கா போட்டிருக்கீங்களான்னு தெரிஞ்சிரும். அப்பறம் கூகுள் மேப். ரெண்டுலயும் விலாசம் ஒண்ணா இருக்கோணும். கணபதி சந்துல போர்டு போட்டோ இல்லாம இடம் கண்டுபிடிக்கறது கஷ்டம். போர்டு, கேட்டு, டெம்போ திரும்பற இடம் மூணையும் போட்டோ எடுத்துப் போடுங்க. காசு ஆகாதுங்க.

டூலிங் சேல்ஸ், சிட்கோ:

அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. இந்த ஊர்ல யார்கிட்ட லோடு, யார் மெஷின் சும்மா நிக்குதுன்னு தெரிஞ்சவங்க யாரு? இன்சர்ட் (மெஷின்ல மாட்டற வெட்டு முனை) டீலர், மெஷின் சர்வீஸ் இன்ஜினியர், ஹீட் ட்ரீட்மென்ட்காரர், பிளேட்டிங் யூனிட், கேலிப்ரேஷன் லேப் ஆளுங்க. இவங்க ஒரு வாரத்துல ஏறி இறங்கற ஷாப் அத்தனைக்கும் நீங்க ஒரு வருஷம் ஆனாலும் போக முடியாது. இவங்ககிட்ட "ஆர்டர் இருந்தா சொல்லுங்க"ன்னு பொதுவாச் சொல்லிப் பிரயோசனமில்ல. "அடுத்த மாசம் ரெண்டாவது ஷிஃப்ட் காலி, 200 மி.மீ. விட்டம் வரைக்கும் சிஐ (வார்ப்பிரும்பு), எஸ்எஸ் ரெண்டும் ஓட்டுவோம்"னு சொன்னா அப்படியே இன்னொரு எடத்துல போய்ச் சொல்லுவாங்க. இன்சர்ட் பில்லை மட்டும் இழுத்தடிக்காதீங்க, அதுவும் பத்து ஷாப்புக்குப் போகும்.

வாட்ஸ்அப் பத்தி: பிராட்காஸ்ட் லிஸ்ட்ல ஒரு தடவைக்கு 256 பேர் வரைக்கும் போடலாம். ஆனா உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கறவங்களுக்கு மட்டுந்தான் மெசேஜ் போய்ச் சேரும். கொடிசியா ஹால்ல இன்டெக் மெஷின் கண்காட்சி நடக்கறப்போ வாங்கின விசிட்டிங் கார்டை எல்லாம் லிஸ்ட்ல ஏத்திட்டு "யாருமே பதில் போடல"ங்கறாங்க. போயே சேரலீங்க, எங்க பதில் வர்றது? நேர்ல பாக்கறப்பவே நம்பரை மாத்திக்கிட்டு, சேவ் பண்ணச் சொல்லுங்க. எப்படி சேவ் பண்றாங்கன்னும் ஒரு கண்ணு வைங்க. நம்மாளுங்க "டர்னிங் கணபதி", "பிளேட்டிங் ரத்தினபுரி"ன்னு வேலையும் ஊரும் சேத்துத்தான் போட்டு வைப்பாங்க. வெறும் பேரா சேவ் ஆனா ஆறு மாசம் கழிச்சு அவங்க தேடறப்போ நீங்க கிடைக்க மாட்டீங்க.

கண்காட்சிக்கு ஞாயித்துக்கிழமை போகாதீங்க, காலேஜ் பசங்க கூட்டம்தான் இருக்கும். வேலை நாள்ல காலையில ஹால் திறந்த உடனே போனா ஸ்டால்ல அப்ளிகேஷன் இன்ஜினியர் நின்னு பேசுவார். கார்டு பின்னாடி அங்கயே எழுதிக்குங்க: என்ன பார்ட், என்ன பிரச்சினை, நீங்க என்ன அனுப்பறதாச் சொன்னீங்க. ரெண்டு நாளுக்குள்ள அதை அனுப்பிரோணும். ஒரு வாரம் போச்சுன்னா அவருக்கு உங்க மூஞ்சி ஞாபகம் இருக்காது.

தொழில் மேலாண்மை, ஈரோடு:

யாருடைய பழக்கம் அதிகம் உதவும் என்பதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. லிங்க்ட்இன் பயனர் இரண்டு கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வு 2022இல் சயின்ஸ் இதழில் வந்தது. வேலை மாறுவதற்கு நெருங்கிய நண்பர்களைவிட ஓரளவு பழக்கம் உள்ளவர்களே அதிகம் உதவினார்கள் என்பது அதன் முடிவு. அறவே பழக்கமில்லாதவர்கள் அவ்வளவு உதவவில்லை. இந்த விவாதத்துக்கு முக்கியமானது அதன் இன்னொரு பகுதி: மென்பொருள் போன்ற டிஜிட்டல் துறைகளில்தான் மெல்லிய தொடர்பு கைகொடுக்கிறது, டிஜிட்டல்மயம் குறைந்த துறைகளில் நெருங்கிய பழக்கத்துக்கே பலன் அதிகம். அது வேலை தேடுவது பற்றிய ஆய்வு, ஆர்டர் பற்றியது அல்ல. ஆனாலும் சரவணம்பட்டி ஐடி கம்பெனி ஆளுக்குச் சொல்லும் யோசனையைக் கணபதி லேத் பட்டறைக்கு அப்படியே சொல்வது சரியாகாது என்று நினைக்கிறேன். இவர் நாற்பது பேரை நன்றாகப் பழகி வைத்துக்கொண்டால் போதும்.

அந்த நாற்பது பேருக்கு ஒரு எக்செல் தாள். பெயர், இடம், என்ன வேலை, கடைசியாக எப்போது பேசினோம், அடுத்து நாம் செய்யவேண்டியது. இன்னொரு பத்தியும் அவசியம்: இவருக்கு நாம் என்ன கொடுக்க முடியும்? அந்தக் கட்டம் பல மாதம் காலியாகவே இருந்தால், அவரிடம் நாம் கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கிறோம் என்று பொருள். சனிக்கிழமை இருபது நிமிடம் ஒதுக்கினால் ஒவ்வொருவரிடமும் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பேச்சு போய்விடும். குட் மார்னிங் படம் இந்தக் கணக்கில் சேராது.

திருப்பூர் நிட்ஸ்:

ஏனுங்க, நெருங்கின பழக்கம்னே சொல்றீங்க. எங்க பக்கம் பையர் ஆபீஸ்ல மெர்ச்சண்டைசர் (ஆர்டரைப் பாத்துக்கறவர்) அடிக்கடி மாறுவாங்க. கம்பெனியோட பழக்கம்னு நெனச்சுட்டு இருப்போம், ஆள் போனா எல்லாம் போச்சு. அதனால ஒரு கம்பெனியில ஒரு ஆளோட நிக்காதீங்க. மெர்ச்சண்டைசர், குவாலிட்டி, அக்கவுண்ட்ஸ், மூணு பக்கமும் ஒரு ஆள் தெரிஞ்சிருக்கோணும். உங்க ரிட்டயர்மென்ட் பிரச்சினைக்கும் இதேதான் மருந்து: பெரியவர் இருக்கறப்பவே, அடுத்து வர்றவரைக் கூட்டிட்டு ஒரு தடவை ஷாப்புக்கு வரச் சொல்லுங்க. அவர் போனப்பறம் புது ஆள்கிட்டப் போய் நின்னா நீங்களும் புது வெண்டார்தான்.

ஆள் வேற கம்பெனிக்குப் போனா லிங்க்ட்இன் காட்டிரும். அந்த வாரமே ரெண்டு வரி வாழ்த்து, ஆர்டர் கேக்காம. அவர் இடத்துக்கு யார் வந்தாங்கன்னு மட்டும் கேளுங்க. ஒரு பழக்கம் ரெண்டு கம்பெனி ஆயிரும்.

வெளிநாட்டு ஆளா இருந்தா நேரம் பாத்து அனுப்புங்க. ஜெர்மனி நமக்குக் குளிர்காலத்துல நாலரை மணி நேரம் பின்னாடி, வெயில் காலத்துல மூணரை. நம்ம மத்தியானம் ரெண்டரைக்கு அனுப்பினா அங்க காலை வேலை நேரம். ஆகஸ்ட்ல பாதிப்பேர் லீவு, கிறிஸ்மஸ் முன்னாடியே ஆபீஸ் காலி. அதேபோல தீபாவளி, பொங்கலுக்கு நம்ம யூனிட் எத்தனை நாள் பூட்டியிருக்கும்னு மூணு வாரம் முன்னாடியே சொல்லிருங்க. பூட்டறதுல அவங்களுக்குக் கோவமில்ல, சொல்லாம பூட்டறதுலதான்.

அப்பறம் லிங்க்ட்இன், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வேலை போட்டோ போடறவங்க கவனிங்க. பின்னாடி டேபிள்ல கஸ்டமர் டிராயிங் விரிச்சிருக்கும், டிரேயில பார்ட் நம்பர் ஸ்டிக்கர் இருக்கும். அது வேற கம்பெனி கண்ணுல பட்டா உங்க கஸ்டமருக்கு யார் விட்டாங்கன்னு கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம். போட்டோ போடோணும்னா உங்க மெஷினைப் போடுங்க, கேஜை (அளக்கற கருவி) போடுங்க. கஸ்டமர் பார்ட் எழுத்துல அனுமதி வாங்கினப்பறம்.

கணபதி டர்னிங்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஒரே சந்தேகம்: தெரிஞ்சவர்கிட்ட "உங்க நண்பர் கம்பெனிக்கு என்னைச் சொல்லுங்க"ன்னு கேக்கக் கூச்சமா இருக்கு. எப்படிக் கேக்கறது?

வெண்டார் டெவலப்மென்ட், பீளமேடு:

அவருக்கு வேலை வைக்காம கேளுங்க. ரெண்டு மெசேஜா அனுப்புங்க. முதல்ல: "அந்தக் கம்பெனியில ஷாஃப்ட் வேலை வெளிய கொடுக்கறதாக் கேள்விப்பட்டேன். சொல்றது தோதுப்படலேன்னா பரவாயில்லீங்க." ரெண்டாவது, அப்படியே ஃபார்வர்ட் பண்ற மாதிரி நாலு வரி: யூனிட் எங்க, என்ன மெஷின், இப்ப யாருக்கு என்ன மாதிரி வேலை பண்றீங்க, போன் நம்பர். கஸ்டமர் பேரைச் சொல்ல அவங்க சம்மதம் வேணும். அறிமுகப்படுத்தறவர் அந்தக் கம்பெனியில கேட்டுட்டு நம்பர் தரட்டும், நீங்களா அவர் பேரைச் சொல்லிக்கிட்டுப் போய் நிக்காதீங்க.

கொட்டேஷன் போனதும், சாம்பிள் பாஸானதும், ஆர்டர் வரலேன்னாலும், ஒவ்வொண்ணையும் அறிமுகப்படுத்தினவருக்கு ஒரு வரி சொல்லிருங்க. முதல் லாட் டெலிவரி தள்ளிப்போற மாதிரி இருந்தா கஸ்டமருக்குச் சொன்ன கையோட இவருக்கும் சொல்லோணும். அவங்க போன் பண்ணிக் கேட்டு இவருக்குத் தெரிய வந்துச்சுன்னா அடுத்த தடவை எவ்வளவு நல்ல மெசேஜ் எழுதினாலும் ஃபார்வர்ட் ஆகாது.