ட்ராலி ஜாக்கி தூக்கின கொஞ்ச நேரத்துல தானா இறங்குது. அவசரம்!

வேளச்சேரி_வண்டி
முன்பக்க பிரேக் பேட் மாத்தணும். வீல் நட் கழட்டுறதுக்குள்ள வண்டி இறங்கிடுது. ஜாக்கி புதுசு, 2 டன். ரெண்டு தடவை பார்த்தாச்சு. பேசாம செங்கல் முட்டுக் கொடுத்து முடிச்சிடலாமா?

ஸ்பேனர்_14
என்ன வண்டி? தரை என்ன? ஜாக்கியை எங்க வச்சீங்க? பத்து நிமிஷத்துல ஒரு விரல் கட்டை இறங்குதா, ஒரே நிமிஷத்துல டயர் தரையைத் தொடுதா? ரெண்டும் வேற வேற வியாதி.

கிரீஸ்_கை
ஜாக்கி ஆயிலுக்குள்ள காத்து புகுந்திருக்கு, வேற எதுவும் இல்ல. வண்டிக்கு அடியில இருந்து ஜாக்கியை வெளிய எடுங்க. ரிலீஸ் வால்வை, அதாவது ஜாக்கியை இறக்குற வால்வை, திறந்து வச்சு கைப்பிடியை முழு வீச்சுல 15 தடவை அடிங்க. ஜாக்கியோட தூக்குற கை முழுசா இறங்கின நிலையில ஆயில் மூடியைத் திறந்து, ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் ஜாக் ஆயில் ஊத்துங்க. பிரேக் ஆயில் மட்டும் வேண்டாம், உள்ள இருக்கிற ரப்பர் சீல் ஊதிப் போயிடும்.

பழைய_கார்புரேட்டர்
மாசம் ரெண்டு பேர் இதே கேள்வியோட வர்றாங்க. தேடிப் பார்த்தா கை தேயுமா? ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்ல. நல்ல ஜாக்கியா இருந்தாலும், தூக்கின வண்டியைத் தாங்குற இரும்பு ஸ்டாண்ட் இல்லாம சக்கரத்தைக் கழட்டக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் வளைஞ்சு எச்சரிக்கை கொடுக்காது. விரிசல் விட்ட அடுத்த நொடி தூள்.

வேளச்சேரி_வண்டி
ஸ்விஃப்ட் 2014. அபார்ட்மென்ட் பார்க்கிங், பேவர் கல். ஒரு நிமிஷத்துல தொட்டுடுது. ஆயில் எங்கயும் ஒழுகல.

ஸ்பேனர்_14
ஒரு நிமிஷம்னா காத்து இல்ல கிரீஸ் அண்ணே. காத்து இருந்தா கைப்பிடி மெத்துமெத்துன்னு இருக்கும், முழு உயரம் ஏறாது. இது ரிலீஸ் வால்வு சரியா மூடாதது. பம்ப் அடிக்கும்போது கைப்பிடி கொஞ்சம் இடப்பக்கம் திரும்பினாலே வால்வு கசியும். வலப்பக்கம் இறுக்கித் திருகிட்டு, கைப்பிடி சுழலாம அடிங்க. அப்பவும் இறங்கினா வால்வு குண்டுல தூசி இருக்கும், இல்லன்னா உள் சீல் போயிருக்கும். புதுசுதானே, கடையில மாத்துங்க.

இன்னொண்ணு, பேவர் கல். கை மேல ஏறும்போது வளைவா நகரும், அதுக்கு ஈடா ஜாக்கியோட சக்கரம் உருளணும். கல் இடுக்குல சிக்கினா தலை வழுக்கும். மழைக்கப்புறம் கல்லுக்கு அடியில மணல் அரிச்சிருந்தா ஜாக்கியே ஒரு பக்கம் புதையும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை போட்டு அது மேல வைங்க.

கிரீஸ்_கை
காத்தும் இருக்கலாம்னுதான் சொன்னேன்.

மவுண்ட்ரோடு_மெக்
பின் சக்கரம் ரெண்டுக்கும் முன்னாடியும் பின்னாடியும் கட்டை போட்டீங்களா? இந்த வண்டியில கியர் முன் சக்கரத்தை, ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்கும். அதனால முன்பக்கம் தூக்கினா கியர் பிடிக்காது, ஹேண்ட் பிரேக் மட்டும்தான். பின்பக்கம் தூக்கினா ஹேண்ட் பிரேக் உதவாது, கியர்ல போடணும். வீல் நட்டை டயர் தரையில இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திடுங்க.

டூல்பாக்ஸ்_ராஜா
ஸ்டாண்டை எங்க வைப்பாரு? கதவுக்குக் கீழ இருக்கிற விளிம்புக்கு அடியில ரெண்டு வெட்டு இருக்கிற இடத்துல ஜாக்கி உட்கார்ந்திருக்கே!

மவுண்ட்ரோடு_மெக்
வண்டிப் புத்தகத்துல முன்பக்க நடு இடம் காட்டியிருந்தா ஜாக்கி அங்க, ஸ்டாண்ட் வெட்டுல. இன்ஜினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டியில (சம்ப்) மட்டும் வச்சிடாதீங்க.

டூல்பாக்ஸ்_ராஜா
ஸ்டாண்ட் புதுப்பேட்டைல பழசு மலிவா கிடைக்கும்.

பழைய_கார்புரேட்டர்
வெல்டிங் விட்ட ஸ்டாண்டுக்குச் செங்கலே தேவலை. ஜி.பி. ரோட்டுல புதுசு ஜோடியா வாங்கச் சொல்லுங்க.

டூல்பாக்ஸ்_ராஜா
வெல்டிங்கும், உயரத்தைப் பூட்டுற பல்லும் பார்த்து வாங்கத் தெரிஞ்சவனுக்குச் சொன்னேன் சார்.

பழைய_கார்புரேட்டர்
கேட்டவர் வால்வு மூடத் தெரியாதவர்.

வேளச்சேரி_வண்டி
வால்வுதான். இறுக்கினதும் நிக்குது. ஸ்டாண்ட் வாங்கிட்டு ஞாயித்துக்கிழமை பார்க்கிறேன். நன்றி.

ஸ்பேனர்_14
பலகை போட்டீங்களா? கட்டை?