கேஸ் ஃபயர்பிளேஸில் விறகு எரிக்கலாமா? சிம்னி தாங்குமா?

கேள்வி:
வீடு வாங்கும்போதே கேஸ் ஃபயர்பிளேஸ் இருந்தது. பர்னரையும் போலிக் கட்டைகளையும் எடுத்துவிட்டு நிஜ விறகு எரிக்க ஆசை. மேலே போவது உலோகக் குழாய், செங்கல் சிம்னி இல்லை. கேஸ் புகை போகிற வழியில் விறகுப் புகையும் போகாதா? சுத்தம் செய்தால் போதுமா?

பதில் 1:
தயவுசெய்து எரிக்காதீர்கள். சுத்தம் செய்வதால் தீருகிற விஷயம் இல்லை இது. அநேகமாக அது கேஸுக்கென்றே செய்த பி-வென்ட் குழாய். இரட்டைச் சுவர், உள்சுவர் மெல்லிய அலுமினியம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். விறகுப் புகையில் வரும் கிரியோசோட் தார் மாதிரி உள்ளே படியும். அது ஒருநாள் பற்றிக்கொண்டால் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டிவிடும். குழாய் போனால் அடுத்து எரிவது சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம்தான். கூரைக்கு அடியில் ஏறி, குழாயின் வெளிப்பக்கம் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பதில் 2:
குழாய் மட்டுமல்ல, தீ எரிகிற பெட்டியும் முக்கியம். கீழ்ப்பக்கக் கிரில்லைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு தகடு இருக்கும். அதில் எழுதியிருப்பதுதான் கடைசி வார்த்தை.

கேட்டவர்:
பார்த்தேன். குழாயில் 'பி வகை கேஸ் வென்ட்' என்றும், தகட்டில் திட எரிபொருள் கூடாது என்றும் இருக்கிறது. சரி, குழாயை மட்டும் மாற்றினால்? அப்புறம், அண்ணன் வீட்டில் செங்கல் சிம்னி, அதற்குள் கேஸ் கட்டைகள். அங்கேயாவது எரிக்கலாமா?

பதில் 1:
உங்கள் வீட்டில் குழாயை மட்டும் மாற்றிப் பயனில்லை. பெட்டியோடு எடுத்துவிட்டு விறகு ஃபயர்பிளேஸும் அதற்குரிய சிம்னியும் வைக்க வேண்டும். விறகுக்கான யூஎல் 103 ஹெச்டி (அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) சிம்னியை 2,100 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 1,150 செல்சியஸில், பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை சோதிக்கிறார்கள். பி-வென்ட் அதன் பக்கத்தில்கூட வராது.

அண்ணன் வீட்டில் வாய்ப்பு உண்டு. ஆனால் கேஸுக்காக சிம்னிக்குள் குறுகலான லைனர், அதாவது உட்குழாய், இறக்கியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். விறகுக்குப் புகைவழியின் பரப்பு, அடுப்பு வாயில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேண்டும். 36-க்கு 28 அங்குல வாய் என்றால் 100 சதுர அங்குலம். ஆறு அங்குல லைனரில் இருப்பதோ 28 சதுர அங்குலம்தான். புகை முழுக்க அறைக்குள் திரும்பும். கேஸ் புகையின் அமில ஈரம் சிம்னியின் உட்புறக் களிமண் ஓடுகளின் இணைப்புக் காரையையும் அரிக்கும். கீழிருந்து டார்ச் அடித்தால் அது தெரியாது. எரிபொருள் மாறினால் கேமரா விட்டுப் பார்க்கும் இரண்டாம் நிலைப் பரிசோதனை வேண்டும் என்கிறது அமெரிக்காவின் என்எஃப்பிஏ 211 தரநிலை.

பதில் 2:
அண்ணன் விறகுக்கு மாறினால், கேஸ் லைனை உரிமம் பெற்றவரை வைத்து மூடச் சொல்லுங்கள். டேம்பர் (புகைவழியைத் திறந்து மூடும் கதவு) மூடாமல் இருக்க ஒரு கிளாம்ப் போட்டிருப்பார்கள். கேஸ் லைனை மூடிய பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் இன்றே மாட்டச் சொல்லுங்கள். கேஸே எரிந்தாலும் அது தேவை.

கேட்டவர்:
என் வீட்டில் கேஸே இருக்கட்டும். அண்ணனிடம் கேமரா பரிசோதனைக்கு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். இருவருக்கும் நன்றி.