இந்த ஊர் ஈரத்தில் மரக் கிட்டார் எதற்கு? வாங்க, சண்டை போடலாம்

பட்டர்வொர்த் ஓவர்டிரைவ்:
வீட்டில் நான்கு கிட்டார் இருக்கிறது. மூன்றை விற்கப் போகிறேன். மூன்றும் அக்கூஸ்டிக், அதாவது கரண்ட் இல்லாமல் வாசிக்கிற மரக் கிட்டார். வைத்துக்கொள்ளப் போவது எலெக்ட்ரிக் ஒன்றை மட்டும். விற்பனை விளம்பரத்தைத் தனியாகப் போட்டுவிட்டேன், இங்கே வந்தது சண்டைக்குத்தான்.

என் கட்சி இது. வேலை முடிந்து வந்து பொழுதுபோக்குக்கு வாசிக்கிற நமக்கு, அதுவும் இந்த ஊரில், மரக் கிட்டார்மேல் இருக்கிற பாசம் தண்டச் செலவு. காற்றில் ஈரம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்று கிட்டார் கம்பெனிகள் சொல்கின்றன. பினாங்கில் சும்மா ஒரு நாளிலேயே 80ஐத் தொடும். மேல் பலகை ஈரத்தைக் குடித்து ஊதுகிறது, கம்பிகளின் அடி முனையைப் பிடித்திருக்கிற பிரிட்ஜ் தூக்குகிறது, கம்பி உயர்கிறது, விரல் வலிக்கிறது. நாமோ பிராக்டிஸ் போதவில்லை என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். எலெக்ட்ரிக்குக்கு உடம்பு கெட்டியான கட்டை, மேலே தடிப்பான பூச்சு. அது பாட்டுக்குக் கிடக்கும். நெக் கொஞ்சம் வளைந்தால் ஆலன் கீயை விட்டு நெக்குக்குள் ஓடுகிற இரும்புத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பினால் முடிந்தது.

அப்புறம் பிளாட் வாழ்க்கை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அக்கூஸ்டிக்கில் ஒரு ஜி கோர்டு அடித்தால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி சுவரைத் தட்டுவார். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் விடிய விடிய வாசிக்கலாம். வேலைக்குப் போகிறவனுக்கு வேறு எப்போது நேரம்?

பாசக்காரர்கள் வரிசையில் வரவும்.

செந்தூல் கப்போக்:
வரிசையில் முதல் ஆள் நான்தான் தம்பி.

ஊதுகிறது, ஊதுகிறது என்கிறீர்களே, எந்தக் கிட்டார் ஊதுகிறது? மேலே ஒற்றைப் பலகை போட்ட விலையுயர்ந்த கிட்டார்தான் அப்படி நோஞ்சானாக இருக்கும். என்னிடம் இருப்பது சீனாவில் செய்த பழைய கப்போக் பிராண்ட் கிட்டார். முழுக்க ஒட்டுப்பலகை. மெல்லிய தகடுகளை நார் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டியிருப்பதால், ஒன்று விரியப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். தோட்டத்து லயத்தில், கூரை ஒழுகுகிற வீட்டில் கிடந்து, மாமாவிடமிருந்து என் கைக்கு வந்த சாமான். இன்றைக்கும் நேராக நிற்கிறது. சவுண்ட் தேன் மாதிரி என்று புளுக மாட்டேன். ஆனால் ஈரத்தைக் காட்டி அதை விற்கச் சொன்னால் சிரிப்புதான் வரும்.

அப்படியே எலெக்ட்ரிக்கை ஈரம் விட்டுவைக்குமா? வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகர. ஜாக்கை அசைத்தால் சத்தம் போய்விட்டுத் திரும்பி வரும். நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை, அதான் பிரெட், எல்லாம் பச்சை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பின் ஸ்க்ரூவில் துரு. இதெல்லாம் உங்கள் கணக்கில் காணோமே?

பட்டர்வொர்த் ஓவர்டிரைவ்:
//வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகர//

காண்டாக்ட் கிளீனரை ஒரு தடவை பீய்ச்சி, குமிழை நாலு தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். போய்விடும். துருப்பிடித்த ஸ்க்ரூவுக்குப் புது ஸ்க்ரூ. நான் சொல்ல வருவதே அதுதான் அண்ணே. 1950களின் தொடக்கத்தில் லியோ பெண்டர் டெலிகாஸ்டரைக் கொண்டு வந்தபோதே நெக்கை ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூவில் நிறுத்தினார். நெக் கெட்டால் கழற்றிவிட்டு வேறு நெக் மாட்டிக்கொள்ளலாம். உங்கள் கப்போக்கில் நெக் கெட்டால்?

செந்தூல் கப்போக்:
நெக்கை மாற்றி, பிக்கப்பை மாற்றி, குமிழையும் மாற்றிய பிறகு அதை உங்கள் கிட்டார் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

ஏழாவது பிரெட்:
அண்ணன் தம்பி இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் பாயான் லெப்பாஸ், இரண்டு வகையும் வைத்திருக்கிறேன், தினமும் ஒன்றையாவது தொடுகிறேன்.

ஈரம் அதிகமாக இருப்பது ஒரு தொல்லை. ஏறி இறங்குவது அதைவிடப் பெரிய தொல்லை, இதை யாரும் சொல்லவில்லை. ராத்திரி படுக்கையறையில் ஏர்கோன் ஓடும், ஈரம் இறங்கும். காலையில் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தால் மறுபடி ஏறும். பலகை தினமும் சுருங்கி விரிகிறது. இதில் நம் ஆட்கள் கிட்டாரைக் கொண்டு போய் அழகுக்கு ஏர்கோனுக்கு நேர் கீழே சுவரில் மாட்டுவார்கள்! பெட்டியில் போட்டு மூடி, உள்ளே ஒரு சின்ன ஈரமானி வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

விற்பதற்கு முன்னால் அந்த மூன்றையும் சோதித்துப் பார்த்தீர்களா தம்பி? பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் ஒட்டு விடுகிறது என்று அர்த்தம். பிறகு விரல் முட்டியால் மேல் பலகையை மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் டப்பென்று இல்லாமல் கிர்ரென்று அதிர்ந்தால் உள்ளே பலகையைத் தாங்குகிற பிரேஸ் கட்டை கழன்றிருக்கிறது. பன்னிரண்டாவது பிரெட்டில் ஸ்கேல் வைத்து அளந்தால், தடித்த கம்பிக்கும் பிரெட்டுக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் சுகம். நான்கு வந்துவிட்டால் எப் கோர்டு பிடிக்கும்போது பல்லைக் கடிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. 12 செட் கம்பி (எண் குறைந்தால் கம்பி மெல்லிசு) போட்ட அக்கூஸ்டிக்கில் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். 9 செட் போட்ட எலெக்ட்ரிக்கில் அது 40 கிலோவுக்குள். அவ்வளவு மெல்லிய பலகை அவ்வளவு பாரத்தைத் தாங்கிக்கொண்டு ராத்திரி பகலாக நிற்கிறது. பழைய கிட்டார் என்றால் 11 செட்டுக்கு இறங்குங்கள், இல்லை அரை சுருதி குறைத்து வையுங்கள். விற்கத்தான் வேண்டும் என்று இல்லை.

ஜூரு காஜா:
மூன்றில் யமாஹா எப்310 இருக்கிறதா பாஸ்? 250 வெள்ளிக்குத் தருவீர்களா?

பட்டர்வொர்த் ஓவர்டிரைவ்:
அதற்கு விளம்பரப் பக்கம் இருக்கிறது பாஸ். இங்கே சண்டை நடக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் ஈட்டி:
ஒட்டுப்பலகையையும் எலெக்ட்ரிக்கையும் வைத்துக்கொண்டு பாசத்தைப் பற்றிப் பேசுவது வேடிக்கை. நல்ல மரம் கையில் பட்டால்தான் தெரியும். என்னுடையது முதுகும் விலாவும் ஈட்டி மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற ஜாதி. கீழ்க் கம்பியைத் தட்டினால் நெஞ்சுக்கூட்டில் கேட்கும். 2017இல் ஈட்டி இனம் முழுவதையும், அழியும் நிலையில் உள்ள செடி, விலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்து, எல்லை தாண்டி விற்க, வாங்கப் பேப்பர் கேட்டார்களே, சும்மாவா கேட்டார்கள்? அந்த மரத்துக்கு அவ்வளவு மதிப்பு. இப்படி ஒன்றை வைத்திருப்பவனிடம் விற்றுவிடு என்று சொல்லிப் பாருங்கள்.

ஜாலான் ஈப்போ பசை:
நான் வார இறுதியில் நண்பர்களின் கிட்டார்களுக்குப் பசை போடுகிறவன், அதனால் இந்தப் பெயர். ஈட்டி அண்ணனுக்கு மட்டும் ஒரு பதில்.

சைட்டிஸ் கட்டுப்பாடு வந்ததற்குக் காரணம் மரத்தின் சவுண்ட் இல்லை அண்ணே. சீனத்து நாற்காலி, கட்டில், அலமாரிச் சந்தைக்காக ஈட்டி இனங்களைக் காடு காடாக வெட்டித் தள்ளினார்கள். கிட்டார் அதில் தற்செயலாக மாட்டியது. அப்போதுகூட சொந்தக் கிட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போய் வருகிறவனுக்குப் பேப்பர் தேவைப்படவில்லை, 10 கிலோவுக்குள் இருந்தால் சரி. 2019 கடைசியில் செய்து முடித்த வாத்தியங்களை விட்டுவிட்டார்கள். பிரேசில் ஈட்டி மட்டும் 1992இலிருந்து கடுமையான பட்டியலில் இருக்கிறது.

இப்போது சவுண்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு சோதனை செய்து 2018இல் வெளியிட்டார்கள். ஒரே பட்டறையில், ஒரே வடிவத்தில், ஒரே வகை மேல் பலகையோடு ஆறு கிட்டார். முதுகும் விலாவும் மட்டும் வேறு வேறு மரம். பிரேசில் ஈட்டியும் உண்டு, இந்திய ஈட்டியும் உண்டு, மலிவான மரமும் உண்டு. 52 கிட்டார்காரர்களை மங்கலான அறையில் உட்கார வைத்து, வெல்டிங் கண்ணாடியை மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். விலைக்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. முதுகு மரத்துக்குத்தான் இந்தச் சோதனை, மேல் பலகை வேறு கதை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் ஈட்டி:
வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாராவது கிட்டார் வாசிப்பார்களா? என் காதுக்குக் கேட்கிறது, போதும்.

பட்டர்வொர்த் ஓவர்டிரைவ்:
பார்த்தீர்களா! எனக்காகப் பசை அண்ணனே பேசிவிட்டார். மரத்துக்கு இருக்கிற மரியாதை எல்லாம் கண்ணைக் கட்டினால் காணாமல் போகிறது. அலிகேட்ஸ் பாட்டுக் குழு இந்தப் பினாங்கு மண்ணிலிருந்து போனவர்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், நம் வீட்டுப் பிள்ளைகள். மலாய்ப் பாட்டு பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கினார்கள். அவர்கள் பாட்டைக் கேட்டு யாராவது பின்னால் வாசித்த கிட்டாரின் முதுகு என்ன மரம் என்று கேட்டிருக்கிறார்களா?

செந்தூல் கப்போக்:
லோகாவின் பெயரை எடுத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று நினைப்பா தம்பி? 2007இல் அவர் போனபோது நான் அழுத அழுகை வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும்.

பசை தம்பி சொன்னது ஈட்டிக்காரருக்கு வலிக்கும், எனக்கு வலிக்காது. நான் சவுண்டுக்காக வைத்திருப்பதாக எங்கே சொன்னேன்? தீபாவளி ஓப்பன் ஹவுஸில் சாப்பாடு முடிந்து ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது எவனாவது ஒருவன் சுவர் ஓரமாகக் கிடக்கிற கிட்டாரை எடுத்து மடியில் வைப்பான். சுருதி சேர்ப்பதற்குள் நாலு பேர் பாட ஆரம்பித்திருப்பார்கள். உங்கள் எலெக்ட்ரிக்கைக் கொண்டு வந்தால் முதலில் பிளக் பாயிண்ட் தேட வேண்டும், பிறகு ஆம்ப், கேபிள். எல்லாம் மாட்டி முடிப்பதற்குள் விருந்தாளிகள் முறுக்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அது போக, மாட்டின உடனே ஒரு 'ம்ம்ம்' சத்தம் வருமே, அது எந்த ராகம்?

பட்டர்வொர்த் ஓவர்டிரைவ்:
அது சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்பின் சத்தம் அண்ணே. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது, காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பி அதையும் பிடித்துக்கொள்கிறது. இரண்டு சுருளை எதிரெதிராக வைத்து அந்தச் சத்தத்தை அடித்துக்கொல்ல 1955இலேயே கிப்சனில் சேத் லவர் வழி கண்டுபிடித்துவிட்டார். அந்த இரட்டைச் சுருள் ஹம்பக்கர் மாட்டினால் அமைதி. பாட்டரியில் ஓடுகிற ஆம்ப் கைக்குள் அடங்குகிற அளவில் விற்கிறது. ஓப்பன் ஹவுஸ் வாதம் பத்து வருடத்துக்கு முந்தையது.

ஏழாவது பிரெட்:
தம்பி, ஒரு கேள்வி. மூன்று கிட்டாரை விற்று இடத்தைக் காலி செய்கிறீர்கள், சரி. எலெக்ட்ரிக்கின் சவுண்டை மாற்றுகிற பெடல் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?

பட்டர்வொர்த் ஓவர்டிரைவ்:
பெடல் இந்த விவாதத்தில் வராது அக்கா.

ஜூரு காஜா:
ஹாஹா. நான் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் பாருங்கள்.

ஜாலான் ஈப்போ பசை:
நானும் ஒன்று கேட்கிறேன் ஓவர்டிரைவ். நீங்கள் வைத்துக்கொள்கிற அந்த எலெக்ட்ரிக்கின் படத்தை முன்பு போட்டிருந்தீர்கள். முழங்கை படுகிற ஓரத்தில் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிகிறது. முதல் மூன்று பிரெட்டிலும் கம்பி படுகிற இடத்தில் பள்ளம். அதே மாடல், அதே நிறம், அச்சு அசலாகப் புதிது ஒன்றை உங்கள் கையில் கொடுத்து, பழையதைக் கொடுங்கள் என்றால் கொடுப்பீர்களா? காசு எதுவும் மேலே வேண்டாம்.

பட்டர்வொர்த் ஓவர்டிரைவ்:
கொடுக்க மாட்டேன். ஆனால் அதைப் பாசம் என்று எழுதிவிடாதீர்கள். நெக்கின் பின்பக்கம் என் கட்டைவிரலுக்கு வழுவழுப்பாகிவிட்டது. எந்தப் பிரெட்டில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கைக்குத் தெரியும். புதியதில் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். இது வசதிக் கணக்கு.

செந்தூல் கப்போக்:
சரி. என் கப்போக்குக்கும் அதே வசதிக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாவது பிரெட்:
கைப்பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடும் தம்பி. நான் கிட்டார் மாற்றும்போதெல்லாம் பார்க்கிறேன். முதல் நாள் தடுமாறும், வார முடிவில் மறந்துவிடும். அதனால் உங்கள் கணக்கு சரியாக வரவில்லை.

இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு கோபம் எனக்கு உண்டு, அதையும் கொட்டிவிடுகிறேன். கடைக்குப் போய், படம் எடுத்துப் போட்டு, மரத்தின் பெயரையும் பிக்கப்பின் பெயரையும் மனப்பாடம் சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பதில்லை. எல்லோருக்கும் நாலு வரி அறிமுகம் தெரியும், பிறகு "இதுக்கு மேல மறந்துபோச்சு". செந்தூல் அண்ணன் குரூப்பில் போடுகிற ஒலிப்பதிவில் சுருதி எங்கேயோ போகும், ஆனால் மனிதர் பாட்டை முடிக்காமல் விட மாட்டார். அவருக்கு என் ஓட்டு, கப்போக்குக்கு இல்லை.

செந்தூல் கப்போக்:
சுருதி எங்கேயோ போகும் என்று சபையில் சொல்ல வேண்டுமா தங்கச்சி? டியூனிங் கீ வழுக்குகிறது.

ஜாலான் ஈப்போ பசை:
கொண்டு வாங்க அண்ணே, மாற்றித் தருகிறேன். கீயின் விலை மட்டும் கொடுங்கள், கூலி வேண்டாம்.

ஜூரு காஜா:
விளம்பரப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன் மக்களே. ஓவர்டிரைவ் பாஸ் எழுதியிருப்பதை அப்படியே இங்கே ஒட்டுகிறேன்: //சுவரில் மாட்டுவதற்கு வாங்குகிறவர்கள் தொடர்புகொள்ள வேண்டாம். நேரில் வந்து ஒரு பாட்டு முழுதாக வாசித்துக் காட்டுகிறவருக்கே தரப்படும்.// தண்டச் செலவு என்று சொன்ன ஆள் இவர்தானே?

செந்தூல் கப்போக்:
அடடா! கிட்டாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறாரா?

பட்டர்வொர்த் ஓவர்டிரைவ்:
பார்த்தால் என்ன தப்பு? நல்ல நிலையில் இருக்கிற சாமான், கெட்டுப்போகிற இடத்துக்கு ஏன் போக வேண்டும்? என் கட்சியில் ஒரு மாற்றமும் இல்லை. இந்த ஊருக்கு எலெக்ட்ரிக்தான்.

ஜூரு, அந்த எப்310க்கு 250 எல்லாம் முடியாது. புது கம்பி போட்டிருக்கிறேன், பிரிட்ஜில் காகிதம் நுழையவில்லை, இப்போதுதான் அக்கா சொன்ன மாதிரி வைத்துப் பார்த்தேன். 300. சனிக்கிழமை சாயங்காலம் பட்டர்வொர்த் பெரி துறைக்கு வாருங்கள். பாட்டை முழுசாகப் பழகிக்கொண்டு வரணும்.

ஜூரு காஜா:
280. பாட்டு இரண்டு வாசிக்கிறேன்.