புதுப்பிப்பு: ரயில் கதவோரம் நகராமல் நிற்பவர்கள்

கோலாலம்பூர் எல்ஆர்டி ரயிலில் கதவோரமே நின்றுகொண்டு உள்ளே நகராதவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது, அந்த எரிச்சலையே கருணைக்கு ஒரு பயிற்சியாக்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "முதலில் அவர்களிடமே பேசிப் பாருங்கள்" என்று பலர் சொன்னீர்கள். பேசினேன்.

கிளானா ஜெயா தடம், மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் கூட்டம் முண்டியடித்து ஏறும் நேரம், கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி ஓர் அம்மா. "உள்ளே இடம் இருக்கும்மா, உட்காருறீங்களா?" என்றேன். "வேணாம் தம்பி, உட்கார்ந்தா முட்டி பிடிச்சுக்கும், எழுந்து வர்றதுக்குள்ள கதவு சாத்திடும்." அந்தத் தடத்தில் ரயிலுக்கு ஓட்டுநரே கிடையாது, கதவு தானாக மூடிக்கொள்ளும். அவர் இறங்க வேண்டியதோ அடுத்த நிலையமான பாசார் செனியில்.

பிறர் செய்வதற்கெல்லாம் அவர்கள் குணத்தைக் காரணமாக்கிவிட்டு, சூழ்நிலையைக் குறைத்தே எடைபோடுகிறோம் என்று உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் எழுதியதை அன்றுதான் கண்ணெதிரே பார்த்தேன்.

எல்லாருக்கும் முட்டிவலி இல்லை, சரி. கைப்பேசியில் மூழ்கி நிற்பவர்களிடம் "கொஞ்சம் உள்ளே போகலாமா" என்று கேட்கத்தான் வேண்டும், கருணை என்றால் வாயை மூடிக்கொண்டு இடிபடுவது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கேட்கிற குரலில் இப்போது சூடு இல்லை, பெரும்பாலும் உடனே நகர்ந்துவிடுகிறார்கள்.

அப்புறம், ஸ்பீக்கரில் அலறவிட்டு வீடியோ பார்ப்பவர்களை என்ன செய்வது என்று கேட்ட தங்கைக்கு: அவர்களிடமும் இப்படியே பேசிப் பார்க்கிறேன், நடந்ததை எழுதுகிறேன்.