வீட்டுக் கணினிக்கு எந்த ஆபிஸ்: காசு கொடுத்து வாங்குவதா, லிப்ரே ஆபிஸே போதுமா?

பொருநைக்கரை:
நெல்லையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. அதில் முன்பு காசு கொடுத்து வாங்கிய மைக்ரோசாப்ட் ஆபிஸ் 2016 இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அம்மா டியூஷன் எடுக்கிறார், வாரம் இரண்டு வினாத்தாள் தமிழில் அடிக்க வேண்டும். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். எனக்கு வீட்டுக் கணக்கு, அவ்வளவுதான். ஐந்நூறு ரூபாய்க்குப் புது ஆபிஸ் போட்டுத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

கீழவாசல்:
அந்த விலைக்குக் கடைக்காரர் போடுவது பெரும்பாலும் கிராக்தான், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. தயவுசெய்து வேண்டாம். என் அண்ணன் வீட்டில் ஒருவர் இப்படித்தான் போட்டுக் கொடுத்தார். அதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தினார், திரும்ப ஓடவிடவே இல்லை. மூன்றாவது மாதம் குழந்தைகளின் போட்டோ உட்பட ஒரு கோப்பும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஒரு அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. லிப்ரே ஆபிஸ் போடுங்கள், இலவசம்தான். 2010-இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்தது, இன்றும் புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. உங்கள் வீட்டுத் தேவைக்குத் தாராளம்.

தட்டச்சர்:
கிராக் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "தாராளம்" என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். பதினெட்டு வருடமாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு பெண் பயோடேட்டாவை பென்டிரைவில் கொண்டுவந்தார். லிப்ரேயில் அடித்தது. வீட்டில் சரியாக ஒரு பக்கமாம். என் வேர்டில் திறந்தால் "இடம், தேதி, கையொப்பம்" மூன்றும் தனியாக இரண்டாம் பக்கத்தில் போய் நிற்கின்றன. அவருக்கு இன்டர்வியூவுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. முகம் வெளிறிப்போய் நின்றதை நான் பார்த்தேன். ஊரில் பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது வேர்ட். அதையே வாங்கிவிட்டால் இந்தத் தவிப்பு இல்லை.

கீழவாசல்:
அண்ணே, எழுத்துரு மாறினாலும் அப்படி ஆகும். ஒரு கணினியில் இருக்கும் எழுத்துரு இன்னொன்றில் இல்லையென்றால் வரிகள் இடம் மாறும். ஒரு வேர்டிலிருந்து இன்னொரு வேர்டுக்குப் போனாலும் இதே கதைதான். வேர்டில் இருக்கும் காலிப்ரி எழுத்துருவுக்கு ஈடாக அதே அகலத்தில் கார்லிட்டோ என்ற எழுத்துரு லிப்ரேயோடு வருகிறது. அச்சுக்குக் கொடுப்பதை பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் ஒரு வரியும் நகராது. மெனுவுக்குக் கீழேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது.

இன்னொன்று. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் இருப்பது ஓப்பன் ஆபிஸின் ரைட்டரும் (வேர்டு மாதிரி) கால்க்கும்தான் (எக்ஸெல் மாதிரி). மகளுக்கு அந்தப் பாடம் இருந்தால் லிப்ரேயில் கை பழகிவிடும், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பழைய ஓப்பன் ஆபிஸையே தேடிப் போட்டுவிடாதீர்கள். அது வேர்டின் டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கும், அந்த வடிவில் சேமிக்காது.

தட்டச்சர்:
பாடநூல் சரி தம்பி. நாளைக்கு அந்தப் பிள்ளை கல்லூரி ப்ராஜெக்டை வழிகாட்டிக்கு அனுப்பும், அவர் வேர்டில் சிவப்புக் கோடு போட்டுத் திருத்தித் திருப்பி அனுப்புவார். நாலு முறை போய்வந்தால் அட்டவணையும் பக்க எண்ணும் எங்கேயாவது கலையும். என் கடைக்கு அப்படி வருகிறவர்கள் ஏராளம். மைக்ரோசாப்ட் 365 குடும்பச் சந்தாவை ஆறு பேர் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு டெராபைட் சேமிப்பிடமும் கிடைக்கிறது.

கீழவாசல்:
வருடா வருடம் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்லூரிக்குப் போகும்போது தேவைப்பட்டால் வாங்கட்டும். வீட்டுக் கணக்கு எழுத இன்றைக்கே சந்தா எதற்கு? கால்க்கிலும் எக்ஸெல்லிலும் வரிசைகள் ஒரே அளவு, 10,48,576. எந்த வீட்டுச் செலவும் அதைத் தாண்டாது.

வல்லைவெளி:
யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் முக்கியமான ஒன்றைக் கேட்கவில்லை. அம்மாவின் பழைய வினாத்தாள்கள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன? எங்கள் பக்கம் பாமினியில் அடித்துச் சேர்த்தவை ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "அம்மா" என்ற சொல் நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். அதற்கு வேர்டும் லிப்ரேயும் ஒன்றுதான். நான் பத்து வருட வினாத்தாள்களை ஒவ்வொன்றாக, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றினேன். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறிய சொற்களைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டியிருந்தது. மென்பொருளைப் பிறகு பாருங்கள், முதலில் இதை முடியுங்கள்.

பொருநைக்கரை:
நல்லவேளை கேட்டீர்கள். பாதிக்கு மேல் வானவில்லில் இருக்கின்றன. அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன்.

தட்டச்சர்:
டீச்சர் சொல்வதுதான் சரி, அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். வானவில் கோப்புகளை மாற்றி முடிக்கும்வரை பழைய ஆபிஸை அழித்துவிடாதீர்கள், எழுத்துருவையும் நீக்காதீர்கள். ஆனால் வெளியிலிருந்து மெயிலில் வருவதை அதில் திறக்க வேண்டாம்.

கீழவாசல்:
லிப்ரேயில் தமிழுக்கு ஒரு சங்கதி உண்டு. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறை என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு ஒரு எழுத்துரு என்று தனித்தனியாக இருக்கும். தமிழுக்கு நிர்மலா எழுத்துருவை வையுங்கள், அளவையும் அங்கேயே வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, தமிழ் மட்டும் சின்னதாகத் தெரிகிறது என்று லிப்ரேயையே தூக்கிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொருநைக்கரை:
நான்கு நாள் கழித்து வருகிறேன். லிப்ரே போட்டாயிற்று, தமிழ் எழுத்துருவையும் சொன்னபடி வைத்தேன். பார்வை மெனுவில் தாவல் தோற்றத்தை மாற்றியதும், வேர்டுபோலவே இருக்கிறது என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். ஏழாம் வகுப்பு அறிவியல் வினாத்தாளில் "பொருத்துக" அட்டவணையை டாக்எக்ஸாக எடுத்துப்போய் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் திறந்தேன். கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. கூடவே வைத்திருந்த பிடிஎஃப்பிலிருந்து முப்பது பிரதி எடுத்தேன், அதில் ஒன்றும் கலையவில்லை. வானவில் கோப்புகளில் இதுவரை பதினொன்று மாற்றியிருக்கிறோம்.

தட்டச்சர்:
அந்த அட்டவணைக் கோப்பை எனக்கு அனுப்புங்கள். பக்க ஓரமா, எழுத்துருவா என்று பார்த்துச் சொல்கிறேன்.